சிலுவையிலிருந்து எத்தனை டிகிரி

1943 ஆகஸ்டு 30, திங்கள்

வந்து சேர்ந்தேன். சென்னைக்குத் தெற்கே லாரியில் இரண்டு மணி நேரம், கால்வாய்ப் பாலம் தாண்டியதும் சவுக்குத்தோப்பு, அதற்குள் முகாம். எனக்குக் கொடுத்த அறையில் இரும்புக் கட்டிலும் மேசையும் கிழிந்த கொசுவலையும் இருக்கின்றன. வலையைத் தைத்து முடிப்பதற்குள் மாலையாகிவிட்டது.

கேப்டன் வின்ஸ்லோ என்னிடம் இரண்டே கேள்விதான் கேட்டார். ஜெர்மன் எங்கே கற்றாய்? தரங்கம்பாடி மிஷன் பள்ளியில், சிஸ்டர் ஹெட்விக்கிடம், பதினோரு வருஷம் என்றேன். ஜெர்மானியர்களைப் பிடிக்குமா? மொழி பிடிக்கும் என்றேன். அதை எழுதிக்கொண்டார். சண்டை தொடங்கியதும் ஜெர்மன்காரர்களையெல்லாம் பிடித்து அடைத்தபோது சிஸ்டரையும் வடக்கே ஒரு காவல் முகாமில் வைத்துவிட்டார்கள் என்பது அவருக்கு முன்பே தெரிந்திருந்தது.

இங்கே பார்ப்பதை வெளியே சொல்லமாட்டேன் என்று ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார்கள். நாட்குறிப்பைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை.

செப்டம்பர் 1, புதன்

பீரங்கியைப் பார்த்தேன். ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் ஜெர்மன்காரர்களிடமிருந்து பிடித்தது. விமானங்களைச் சுடுவதற்கென்றே செய்தது. பனைமரம் சாய்ந்து நிற்பதுபோல் நீளக் குழல். அதன் மேல் வெள்ளைப் பெயிண்டில் ஏழு வளையங்கள். வீழ்த்திய விமானம் ஒன்றுக்கு ஒரு வளையம் என்று ஹவில்தார் சொன்னார்.

பீரங்கியோடு நூற்று நாற்பது பக்க ஜெர்மன் புத்தகம் ஒன்றும் வந்திருக்கிறது. அதை ஆங்கிலத்தில் எழுதிக் கொடுக்கவேண்டும். இந்தப் பீரங்கியை இயக்கப்போகிறவர்கள் எல்லோரும் வட ஆற்காட்டுப் பையன்கள். அவர்களுக்குத் தமிழிலும் விளக்கவேண்டும். லண்டனிலிருந்து சரியான புத்தகம் வரும் வரும் என்கிறார்கள். கேப்டனுக்குக் காத்திருக்கப் பொறுமையில்லை. எதிரியின் பீரங்கியை எதிரியைப் போலவே சுட்டுக் காட்டவேண்டும், பெரிய அதிகாரிகள் பார்க்கவேண்டும் என்பது அவர் ஆசை.

ஹவில்தார் பெயர் முனிரத்தினம். குடியாத்தம் பக்கம். பட்டாளத்துக்கு வரும் முன் கடிகாரம் பழுது பார்த்தவராம். மனைவி, இரண்டு பெண் குழந்தைகள். இதை ஏன் எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

செப்டம்பர் 4

சோப்பு தீர்ந்துவிட்டது. கட்டில் காலில் எறும்பு. பதினெட்டுப் பக்கம் முடிந்தது.

செப்டம்பர் 7, செவ்வாய்

தூரம் பார்க்கும் குழாயை இன்று பிரித்து வைத்தார்கள். ஆள் உயரத்தில் இரண்டு மடங்கு நீளம். இரண்டு முனையிலும் கண்ணாடி. நடுவில் ஒருவர் உட்கார்ந்து இரண்டு கண்ணாலும் பார்க்கிறார். உள்ளே ஒரு குறி மிதக்கிறது. விமானமும் அந்தக் குறியும் ஒரே தூரத்தில் இருப்பதுபோல் தெரியும்வரை சக்கரத்தைத் திருகினால், விமானம் எத்தனை தூரம் என்று எண் விழுகிறது. எல்லோருக்கும் இது தெரிவதில்லையாம். முகாமில் இருபது பேரைப் பார்க்கச் சொன்னதில் மூன்று பேருக்குத்தான் தெரிந்தது. என்னையும் பார்க்கச் சொன்னார் ஹவில்தார். எனக்குத் தெரிந்தது. கடலுக்கு மேல் ஒரு பருந்து, குறிக்குப் பக்கத்தில் வந்து நின்றது. நாலாயிரத்து நூறு மீட்டர் என்றேன். அவர் சரிபார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

குழாய்க்குக் கீழே கணக்குப் பெட்டி. பையன்கள் வைத்த பெயர் அது. விமானம் இப்போது எங்கே, எந்த வேகம், எந்தப் பக்கம் என்பதையெல்லாம் சக்கரம் சக்கரமாகத் திருகி அதற்குள் கொடுத்தால், குண்டு மேலே போய்ச் சேரும்போது விமானம் எங்கே இருக்கும் என்று அது சொல்லிவிடும். இப்போது இருக்கும் இடத்தைச் சுட்டால் பிரயோஜனம் இல்லை. குண்டு போய்ச் சேர்வதற்குள் விமானம் இரண்டு மைல் தள்ளிப் போயிருக்கும்.

செப்டம்பர் 9, வியாழன்

பீரங்கியில் இருப்பவர்கள் வானத்தைப் பார்ப்பதே இல்லை என்று புத்தகம் சொல்கிறது. ஒருவர் பக்கவாட்டில் திருப்பும் சக்கரம், இன்னொருவர் மேலும் கீழும் தூக்கும் சக்கரம். கணக்குப் பெட்டியிலிருந்து கம்பி வழியாக வரும் எண் முன்னால் உள்ள, கடிகாரம் போன்ற முகப்பில் தெரியும். முள்ளோடு முள்ளைச் சேர்ப்பது மட்டும்தான் அவர்கள் வேலை. எதைச் சுடுகிறோம் என்று தெரியாமலே சுடுகிறார்கள். இங்கே கம்பி பாலைவனத்திலேயே எரிந்து போய்விட்டது. அதனால் எண்களை டெலிபோனில் சொல்லவேண்டும்.

ஹவில்தாரிடம் இதைச் சொன்னபோது, அது நல்லதுதான் என்றார். பார்த்தால் கை நடுங்குமாம்.

மீன் விற்க வரும் செங்கேணியிடம் சங்கரா வாங்கினேன். அவள் குப்பம் நமக்கும் கடலுக்கும் நடுவில், ஒரு மைலில் இருக்கிறது. இங்கே உள்ள மற்றப் பீரங்கிகள் சுடும் குண்டெல்லாம் அவர்கள் கூரைக்கு மேலாகத்தான் கடலுக்குப் போகிறது. குழந்தைகள் பயப்படாதா என்று கேட்டேன். "எங்க தலைக்கு மேல போற வரைக்கும் போயிட்டுப் போவட்டும்மா," என்றாள்.

செப்டம்பர் 13, திங்கள்

இன்று முழுவதும் ஒரே ஓர் எழுத்தோடு போராடினேன்.

குண்டு விமானத்தின் மேலேயே படவேண்டும் என்று இல்லை. பக்கத்தில் போய் வெடித்தால் போதும். அதற்காகக் குண்டின் மூக்கில் ஒரு சின்ன கடிகாரம் இருக்கிறது. சுடுவதற்கு முன் மூக்கு வளையத்தைத் திருகி, எப்போது வெடிக்கவேண்டும் என்று வைத்துவிட வேண்டும். நம் பட்டாளத்தில் இதை விநாடிக் கணக்கில் சொல்வார்களாம். ஜெர்மன்காரர்கள் வளையத்தை எத்தனை டிகிரி திருகவேண்டும் என்று சொல்கிறார்கள். நீண்ட நேரம் கழித்து வெடிக்க ஒரு எண், சீக்கிரம் வெடிக்க ஒரு எண். பெரிய அட்டவணையே இருக்கிறது.

அட்டவணைத் தலைப்பில், டிகிரி என்ற சொல்லுக்குப் பக்கத்தில் இரண்டு எழுத்துச் சுருக்கம். ஃபௌ, புள்ளி, கா, புள்ளி. கா என்பது க்ரொய்ஸ், சிலுவை. மூக்கு வளையத்தில் ஒரு சிலுவைக் குறி உண்டு என்று முன்பே ஒரு பக்கத்தில் வந்துவிட்டது. ஃபௌ எது? 'ஃபோர்' என்றால் முன்பு. 'ஃபொம்' என்றால் இலிருந்து. இரண்டும் அந்த எழுத்தில்தான் தொடங்குகின்றன. சிலுவைக்கு முன் இத்தனை டிகிரியா? சிலுவையிலிருந்து இத்தனை டிகிரியா?

குண்டுகள் இன்னும் வரவில்லை. வந்தாலும் வளையத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது, குண்டுக் கிடங்குக்குள் பெண்களை விடமாட்டார்கள்.

சிஸ்டரின் சரித்திரப் பாடத்தில் அந்த ஃபௌ ஆயிரம் தடவை வந்திருக்கிறது. கிறிஸ்துவுக்கு முன். அந்த எழுத்தும் புள்ளியும் கண்ணில் பட்டாலே எனக்கு 'முன்' என்றுதான் ஒலிக்கிறது. சிலுவைக்கு முன் என்று எழுதிவிட்டேன்.

செப்டம்பர் 14, செவ்வாய்

பையன்களுக்கு விளக்கினேன். ஹவில்தார்தான் சாவியால் குண்டின் மூக்கு வளையத்தைத் திருகப்போகிறவர். அதற்கென்று இருந்த இயந்திரமும் உடைந்துவிட்டதால் கையால்தான் திருகவேண்டும். அவர் கரும்பலகையில் ஒரு வட்டம் போட்டு மேலே சிலுவை போட்டார்.

"டீச்சரம்மா, பத்து மணிக்கு இன்னும் இருபது நிமிசம் இருக்குதுன்னு சொல்றோமே, அந்த மாதிரியா? இல்ல, பத்து அடிச்சி இருபது நிமிசம் ஆச்சின்னு சொல்றோமே, அந்த மாதிரியா?"

முதலாவது மாதிரி என்றேன்.

"நிச்சயம்தானா? இன்னாத்துக்குக் கேக்கறேன்னா, ரெண்டுக்கும் நேர் எதிர். கிட்ட வெடிக்கறது தூரப் போயிடும், தூரப் போறது கிட்ட வெடிச்சிடும்."

பையன்கள் எல்லோரும் என்னையே பார்த்தார்கள். பதினோரு வருஷம் ஜெர்மன் படித்திருக்கிறேன் என்று சொன்னேன். அவர் சரி என்று சொல்லிவிட்டு வட்டத்தை அழித்தார். அப்படிப் பதில் சொல்லியிருக்க வேண்டாம். அவர் மரியாதையாகத்தான் கேட்டார்.

செப்டம்பர் 18, சனி

தட்டெழுத்து முடிந்தது. ஒவ்வொரு பக்கத்தின் கீழும் என் கையெழுத்து, அதற்குக் கீழே கேப்டன் கையெழுத்து. தலைவலி. கஷாயம் வைக்க இங்கே இஞ்சி கிடைக்கவில்லை.

செப்டம்பர் 22, புதன்

சிஸ்டருக்கு நான் எழுதிய கடிதம் திரும்பி வந்தது. தபாலில் வரவில்லை. போலீஸ் இன்ஸ்பெக்டர் ஒருவர் கையோடு கொண்டுவந்தார். கோதண்டபாணி என்று பெயர். மெதுவாகப் பேசுகிற மனிதர். எதிரி நாட்டுப் பெண்ணுக்கு இந்த முகாமிலிருந்து ஏன் கடிதம் எழுதினீர்கள் என்று கேட்டார். மழை, மீன், என் கண்ணாடி உடைந்தது, இவ்வளவுதான் அதில் இருக்கிறது. இருந்தாலும் உட்கார்ந்து முழுவதையும் எனக்கே வாசித்துக் காட்டினார். தன் குரலில் என் கடிதத்தை ஒரு போலீஸ்காரர் படிப்பதைக் கேட்பது எப்படியோ இருந்தது. இனி எழுதவேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஜெர்மன் தெரிந்தவர்கள் இந்த ஜில்லாவிலேயே நாலு பேர்தான், அதில் மூன்று பேரைக் கவனித்துக்கொண்டிருக்கிறோம் என்றும் சொன்னார்.

செப்டம்பர் 28, செவ்வாய்

குண்டுகள் வந்து இன்று முதல் சோதனை. நாலு குண்டு. விமானம் எதுவும் இல்லை. கடலுக்கு மேல் வெறும் வானத்தை நோக்கி, நடுத்தரத் தூரத்துக்கு, நூற்று எண்பது என்று வைத்துச் சுட்டார்கள். காதில் பஞ்சு வைத்திருந்தும் வயிறு அதிர்ந்தது. நாலும் சொன்ன இடத்தில், சொன்ன நேரத்தில் வெடித்தன. கடலுக்கு மேல் நாலு வெள்ளைப் பூ.

கேப்டன் எல்லோர் முன்னாலும் என் கையைக் குலுக்கினார். அதிகாரிகளின் கூடாரத்தில் எனக்குத் தேநீர் கொடுத்தார்கள். ஹவில்தார் தூரத்தில் நின்று சல்யூட் வைத்தார். விளையாட்டுக்குத்தான்.

அக்டோபர் 1, வெள்ளி

மழை பிடித்துக்கொண்டது. ஹவில்தார் ஒரு லேபிள் கொண்டுவந்தார். குண்டுப் பெட்டியின் மூடிக்குள் ஒட்டியிருந்ததாம். ஈரத்தில் தானாகக் கழன்று வந்ததாம். அதில் சிலுவைப் படம் போட்டிருந்ததால், "உங்க வேத வசனம் இன்னாவா இருக்குமோன்னு எடுத்தாந்தேன்" என்றார். வசனம் இல்லை, பெட்டியை ஈரம் படாமல் வைக்கச் சொல்லியிருக்கிறது என்றேன். லேபிளை நான் வாங்கிக்கொண்டேன்.

துணி எதுவும் காயவில்லை.

அக்டோபர் 2, சனி

லேபிளில் ஈரத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை.

'ஃபொம் க்ரொய்ஸ்' என்று முழுசாக, சுருக்காமல், அச்சடித்திருக்கிறது. சிலுவையிலிருந்து.

ஆனால் சோதனை சரியாகத்தானே நடந்தது? நாலு குண்டும் சரியாக வெடித்தனவே? இதையே காலையிலிருந்து எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். பிற்பகலில் சாப்பாட்டுத் தட்டைக் கழுவும்போது புரிந்தது. நூற்று எண்பது என்பது பாதி வட்டம். முன்னாலிருந்து போனாலும் பின்னாலிருந்து போனாலும் பாதி பாதிதான். அரை மணி நேரம் இருக்கிறது என்றாலும் அரை மணி ஆயிற்று என்றாலும் முள் ஒரே இடத்தில்தான் நிற்கும்.

வருகிற ஏழாம் தேதி பிரிகேடியர் முன்னால் சுடப்போவது தூரக் குறி. முந்நூற்று முப்பது. என் தாளின்படி திருகினால் அது முப்பதாகிவிடும். இருபத்தெட்டு விநாடி பறந்து கடலுக்கு அப்பால் வெடிக்கவேண்டிய குண்டு, இரண்டரை விநாடியில் வெடிக்கும். இரண்டரை விநாடியில் குண்டு எங்கே போயிருக்கும் என்று அட்டவணையில் பார்த்தேன். பிறகு முகாம் வரைபடத்தில் அளந்தேன்.

குப்பம்.

அக்டோபர் 3, ஞாயிறு

கோயிலுக்குப் போகவில்லை.

அக்டோபர் 4, திங்கள்

கேப்டனிடம் சொல்லத்தான் போனேன். கூடாரத்துக்கு வெளியே இன்ஸ்பெக்டரின் சைக்கிள் நின்றது. திரும்பிவிட்டேன்.

போய் என்ன சொல்வது? ஒரு எழுத்தைத் தவறாகப் படித்துவிட்டேன் என்றா? எதிரியின் சிநேகிதி, எதிரியின் புத்தகத்தை, நம் பீரங்கி நம் ஜனங்கள் மேலேயே வெடிக்கும்படி மாற்றி எழுதியிருக்கிறாள். அவர்கள் அப்படித்தான் எழுதிக்கொள்வார்கள். நானாக இருந்தாலும் அப்படித்தான் எழுதுவேன். வெள்ளிக்கிழமையே தெரிந்திருந்தும் ஏன் சொல்லவில்லை என்றும் கேட்பார்கள். ஒவ்வொரு நாளும் அந்தக் கேள்வி கனத்துக்கொண்டே போகிறது.

அதற்குள் அவர்களே கண்டுபிடித்துவிடலாம். கேப்டன் கெட்டிக்காரர். மழை பெய்து எல்லாமே தள்ளிப்போகலாம்.

அக்டோபர் 5, செவ்வாய்

வெயில். கேப்டன் பெங்களூருக்குப் போய்விட்டார். ஏழாம் தேதி காலை பிரிகேடியரோடுதான் வருவாராம்.

செங்கேணி வந்தாள். மீன் வேண்டாம் என்றேன். ஏன்மா முகம் இப்படி இருக்குது, காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

அக்டோபர் 6, புதன்

துணி துவைத்தேன். இன்று யாரையும் பார்க்கவில்லை, யாரிடமும் பேசவில்லை.

அக்டோபர் 7, வியாழன்

 நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன்.

காலை ஒன்பதரைக்கு பிரிகேடியர் வந்தார். கூடவே பதினைந்து பேர். கூடாரத்தில் நாற்காலி போட்டு, என் தாள்களின் பிரதியை எல்லோர் மடியிலும் வைத்தார்கள். நான் பின்வரிசையில். கேப்டன் கடைசி நேரத்தில் ஆட்களை மாற்றினார். பீரங்கியில் உயரமான, உடுப்பு எடுப்பாக இருக்கிற பையன்கள் வேண்டுமாம். சாவி வேறு ஒரு பையன் கைக்குப் போயிற்று. ஹவில்தாரைக் கணக்குப் பெட்டிக்குப் பக்கத்தில் டெலிபோனில் நிறுத்தினார்கள், எண்ணை உரக்கச் சொல்ல. அவர் ஏதோ சொல்லப் பார்த்தார். கேப்டன் கையை அசைத்து அனுப்பிவிட்டு, தானே பீரங்கியின் முகப்புப் பக்கத்தில் போய் நின்றுகொண்டார்.

கடலுக்கு மேல் ஒரு விமானம் நீளக் கயிற்றில் சிவப்புத் துணிப்பையை இழுத்துக்கொண்டு வந்தது. அந்தப் பைதான் குறி. தூரம் பார்ப்பவர் எண் சொன்னார். சக்கரங்கள் சுழன்றன. குழல் மெதுவாகத் திரும்பி, சவுக்கு மரங்களுக்கு மேலாக, குப்பத்தின் திசையில் நின்றது. குப்பத்தில் ஒரு வீட்டிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது.

ஹவில்தார் குரல் வந்தது. "த்ரீ த்ரீ ஸீரோ." அதற்குப் பிறகு அவர் திரும்பிக் கூடாரத்தைப் பார்த்தார். இத்தனை பேரில் என்னைத் தேடிக் கண்டுபிடித்தார்.

எழுந்ததும் நடந்ததும் எனக்கு நினைவில்லை. நாற்காலி ஒன்று விழுந்த சத்தம் மட்டும் கேட்டது. மணல் மூட்டைகளைத் தாண்டி உள்ளே போயிருக்கிறேன். அந்தப் பையன் குண்டை மடியில் சாய்த்துச் சாவியை மூக்கில் மாட்டியிருந்தான். அவன் கைமேல் என் கையை வைத்தேன். குண்டின் மூக்கு இவ்வளவு குளிர்ந்திருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

"திருகாதேப்பா. நான் தப்பா எழுதிட்டேன்."

கேப்டன் ஓடிவந்தார். பிரிகேடியர் முன்னால் அவர் முகம் எப்படிச் சிவந்தது என்று எழுதவேண்டாம். ஆங்கிலத்தில் அதையே சொன்னேன். தவறு என்னுடையது, இந்த எண் எதிர்ப்பக்கம் போகவேண்டும், சுட்டால் குப்பத்தின் மேல் வெடிக்கும். எப்போது தெரிந்தது என்று கேட்டார். இன்று காலை என்றேன்.

விமானம் துணிப்பையை இழுத்துக்கொண்டு திரும்பிப் போயிற்று.

அக்டோபர் 8, வெள்ளி

இந்தக் குறிப்புப் புத்தகத்தைக் கேட்டு இன்ஸ்பெக்டர் வாசலில் நிற்கிறார். இந்த வரியை முடிக்கவிட்டதே அவர் பெருந்தன்மை.

அக்டோபர் 9, சனி (தனித்தாளில்)

அறையை விட்டு வெளியே போகக்கூடாது. சாப்பாடு உள்ளேயே வருகிறது.

நான் சொன்னது உண்மையா என்று இன்று சுட்டுப் பார்த்தார்கள். குப்பத்து ஜனங்களைக் கால்வாய்க் கரைக்கு ஓட்டிக்கொண்டு போய் உட்கார வைத்துவிட்டு, என் தாளின்படியே ஒரு குண்டைத் திருகிச் சுட்டார்கள். என் ஜன்னலிலிருந்து தெரிந்தது. பீரங்கி முழங்கியது. ஒன்று, இரண்டு என்று எண்ணி மூன்று சொல்வதற்குள் கூரைகளுக்கு நேர் மேலே கறுப்பாக வெடித்தது.

சாயங்காலம் செங்கேணி என் ஜன்னல் பக்கம் வந்தாள். காவல்காரனுக்கு மீன் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள் போலிருக்கிறது. உள்ளங்கையில் ஒரு இரும்புத் துண்டு, ஒரு பக்கம் கத்திபோல. அவள் கூரையைக் கிழித்து, பானையை உடைத்து, தரையில் பாதி புதைந்திருந்ததாம்.

"ஜெர்மன்காரன் இரும்பாமே. நாங்க மட்டும் உள்ள இருந்திருந்தா?" என்றாள்.

அது யார் தாளின்படி வந்து விழுந்தது என்று அவளிடம் சொன்னேன். இரும்புத் துண்டை முந்தானையில் முடிந்துகொண்டாள். பிறகு போய்விட்டாள்.

அக்டோபர் 14, வியாழன் (தனித்தாளில்)

விசாரணை நடந்தது. ஒரு மேஜர், கேப்டன், இன்ஸ்பெக்டர் கோதண்டபாணி. மேசைமேல் என் நாட்குறிப்பு.

இரண்டாம் தேதிப் பக்கத்தை இன்ஸ்பெக்டர் ஆங்கிலத்தில் மாற்றி வாசித்தார். ஆக, இன்று காலைதான் தெரியும் என்று ஏழாம் தேதி நான் சொன்னது பொய் என்று ஆகிவிட்டது. ஆமாம் என்றேன். ஆறு நாள் வாயைத் திறக்காமல் இருந்தது நாசவேலைக்குச் சமம், ஜெயில்தான் என்று மேஜர் சொன்னார்.

பிறகு ஹவில்தாரைக் கூப்பிட்டார்கள். அவர் என்னைப் பார்க்கவில்லை. யாரும் கேட்காமலே சொன்னார்: ஆறாம் தேதி காலை பத்து மணிக்கு, தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், டீச்சரம்மா எல்லாவற்றையும் என்னிடம் சொல்லிவிட்டார்கள். கேப்டன் ஊரில் இல்லாததால் எனக்குச் சொன்னார்கள். மேலே சொல்லவேண்டியது என் கடமை. நான்தான் சொல்லவில்லை.

மேஜர் நாட்குறிப்பைப் புரட்டச் சொன்னார். இன்ஸ்பெக்டர் ஆறாம் தேதியை வாசித்தார். யாரையும் பார்க்கவில்லை, யாரிடமும் பேசவில்லை. ஹவில்தார் இவளைக் காப்பாற்றப் பொய் சொல்கிறான், இரண்டு பேரும் கூட்டு என்றார் மேஜர்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. முந்தின நாளே பட்டாளத்து ஆளிடம் போய்ச் சொன்னவளை யாரும் உளவாளி என்று சொல்லமுடியாது. அவர் எனக்காக அந்தக் கதவைத் திறந்துவிட்டிருக்கிறார். அவருக்கு ஒன்றும் வரக்கூடாது என்று நான் எழுதிவைத்த ஒரு வரி அதை மூடிக்கொண்டு நிற்கிறது.

"அந்தப் பக்கம் பொய்," என்றேன்.

இன்ஸ்பெக்டர் தமிழில் கேட்டார். "தன் நாட்குறிப்பிலேயே யாராவது பொய் எழுதுவாங்களா அம்மா?"

"அவர் பேர் இதுல வரக்கூடாதுன்னு எழுதினேன்."

அவர் முதல் பக்கத்திலிருந்து மெதுவாகப் புரட்டினார். ஒவ்வொரு பக்கத்திலும் சற்று நின்றார். "அவர் வராத பக்கம் எங்கம்மா இருக்கு?" என்றார். இதை மட்டும் அவர் ஆங்கிலத்தில் மாற்றவில்லை.

என்ன நடந்தது என்று சொல்லச் சொன்னார்கள். சொன்னேன். ஆறாம் தேதி காலை துணியை எடுத்துக்கொண்டு தொட்டிக்குப் போனேன். அவர் அங்கே முகம் கழுவிக்கொண்டிருந்தார். லேபிளைக் கொடுத்து, அன்றைக்கு நான் சொன்னது பொய், இதில் இருப்பது இது என்று சொன்னேன். அவர் நெடுநேரம் அதையே பார்த்தார். கரும்பலகையில் வட்டம் போட்டுக் கேட்டேனே என்று அவர் சொல்லவில்லை. "இப்ப நீங்க போயி சொன்னா உங்களத் தூக்கி உள்ள வெச்சிடுவாங்க. சாவி என் கையில கீது. நான் சரியாத் திருகிக்கிறேன். அப்பாலிக்கா, கேப்டன் நல்ல மூடுல இருக்கசொல்ல மெதுவா தாளை மாத்திக்கலாம்," என்றார். நானும் சரி என்றேன். சரி என்று சொன்னதும் நான்கு நாளாக இல்லாத பசி எடுத்தது. சாவி வேறு கைக்குப் போகும் என்று இரண்டு பேருமே நினைக்கவில்லை.

அத்தாட்சி என்ன என்று மேஜர் கேட்டார். ஹவில்தார் சட்டைப் பையிலிருந்து லேபிளை எடுத்து வைத்தார். அதன் பின்புறம் பென்சிலில் என் கையெழுத்து. 'சிலுவையிலிருந்து என்பதே சரி', கீழே 6-10-43. எதை எழுதினாலும் கீழே தேதி போடுவது பள்ளிக்கூடத்துப் பழக்கம். அன்றைக்கு அதைப் போட்டதே எனக்கு நினைவில்லை.

அக்டோபர் 16, சனி

நாட்குறிப்பு திரும்பி வந்துவிட்டது. தனித்தாள்களைக் கோந்து போட்டு ஒட்டினேன். இன்ஸ்பெக்டரின் சிவப்புப் பென்சில் சில இடங்களில் கோடு போட்டிருக்கிறது. குடியாத்தம் என்ற சொல்லுக்கு அடியில் ஒன்று.

ஜெயில் இல்லை. வேலையிலிருந்து நீக்கம். சண்டை முடியும்வரை சிஸ்டருக்குக் கடிதம் எழுதக்கூடாது. தரங்கம்பாடியில் வாரம் ஒரு நாள் போலீஸ் ஸ்டேஷனில் கையெழுத்துப் போடவேண்டும்.

ஹவில்தாரை நாயக்காக இறக்கிவிட்டார்கள். மூன்று பட்டையில் ஒன்று போயிற்று.

கேப்டன் கடைசியாக ஒரு வேலை கொடுத்தார். அந்த ஒரு பக்கத்தைத் திருத்தி எழுதித் தரவேண்டும். எழுதினேன். அவர் அதை என் கண் முன்னாலேயே மூன்று தடவை படித்தார். லேபிளை வைத்து எழுத்து எழுத்தாக ஒத்துப் பார்த்தார். எனக்கு அது அவமானமாக இல்லை. முதல் தடவையே யாராவது அப்படிச் செய்திருக்கலாம்.

அக்டோபர் 18, திங்கள்

அவரைப் பார்த்தேன். சமையல் கொட்டகைக்கு வெளியே, பையன்கள் பத்துப் பேர் நடுவில்தான். சட்டைக் கையில் பட்டை இருந்த இடம் மட்டும் வெளுக்காமல் பச்சையாகத் தெரிந்தது. என்னால்தான் என்று ஆரம்பித்தேன். அவர் மேலே சொல்லவிடவில்லை.

"பட்டை போனா இன்னொன்னு தெச்சிக்கலாம் டீச்சரம்மா. நான் அன்னிக்கே மேல சொல்லியிருக்கணும். சாவி எப்பவும் நம்ம கையிலயே இருக்கும்னு நெனச்சிக்கினேன் பாருங்க, அதுதான் தப்பு."

நாளைக்குச் சுடுவதாக இருக்கிறது என்றார். இந்தத் தடவை அவரே திருகப்போகிறாராம். இந்த மாதக் கடைசியில் எல்லோரையும் கிழக்கே, பர்மா எல்லைக்கு அனுப்பப்போகிறார்கள் என்று பேச்சாம். வீட்டில் எல்லோரும் சௌக்கியமா என்று கேட்டேன். சின்னப் பெண்ணுக்குப் பல் விழுந்துவிட்டதாகக் கடிதம் வந்தது என்றார். நல்லது என்றேன். பெட்டி கட்டவேண்டும் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

அக்டோபர் 19, செவ்வாய்

பெட்டியை எடுத்துக்கொண்டு பதினோரு மணி பஸ்ஸுக்காகப் பாலத்தில் நின்றேன். கால்வாய்க் கரையில் குப்பத்து ஜனங்கள் உட்கார்ந்திருந்தார்கள். இப்போதெல்லாம் சுடும் நாளில் அவர்களாகவே வந்துவிடுகிறார்கள். செங்கேணி என்னைப் பார்த்தாள். நான் நிற்பதற்கு நிழலில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள்.

பஸ் தூரத்தில் வரும்போதுதான் பீரங்கி முழங்கியது. எல்லோரும் தலையைத் தூக்கினோம். நான் எண்ண ஆரம்பித்தேன். ஒன்று. இரண்டு. மூன்று. கூரைகளுக்கு மேல் ஒன்றும் இல்லை. வெறும் நீலம். பஸ் வந்து நின்றது. கண்டக்டர் ஏதோ கேட்டார். பத்து. பதினொன்று. பெட்டியைத் தூக்க வந்தவனைக் கையால் தடுத்துவிட்டேன். கண்ணை எடுத்தால் தப்பாகிவிடும் போலிருந்தது. இருபது. இருபத்தொன்று. எனக்குப் பக்கத்தில் செங்கேணியும் எண்ணிக்கொண்டிருந்தாள், வேறு ஏதோ கணக்கில்.

இருபத்தெட்டில், கடலுக்கு வெகுதூரம் அப்பால், நகக்கண் அளவுக்கு ஒரு வெள்ளைப் புகை.

இன்னும் மூன்று சுட்டார்கள். மூன்றையும் எண்ணினேன்.

பஸ் போய்விட்டது. அடுத்தது மூன்று மணிக்கு.